தீவுக்குப் போக நினைக்கும் வாத்தியார்களுக்கு

அவிநாசி வட்டாரத்தில் பணி ஓய்வு பெற்ற, பெறப்போகும் ஆசிரியப் பெருமக்கள் அனைவருக்கும்,



போன மாதம் ஓய்வூதியர் கூட்டம் முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது உங்களில் நாலு பேர் என்னைச் சுற்றி நின்று கேட்டீர்கள்: "ஏனுங்க, மாலத்தீவுல இன்னும் ஆள் எடுக்கறாங்களா? நம்ம வயசுக்குக் கிடைக்குமுங்களா?" நின்றபடியே சொல்லி முடிக்கிற பதில் என்னிடம் இல்லை. கேட்ட நாலு பேருக்கும், கேட்காமல் மனசுக்குள் வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்து இந்த மடலை எழுதுகிறேன்.

என் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். 1981இல் வேலைக்குச் சேர்ந்தேன். 33 ஆண்டுகள் கணிதம் நடத்தினேன். 2014 மே மாதம் 58 வயதில் ஓய்வு. அப்போது வரம்பு 58தான்; 2020இல் 59 ஆனதும் மறு ஆண்டே 60 ஆனதும் நீங்கள் அறிந்தது. 2015 ஜனவரியில் மாலத்தீவின் வடக்குப் பக்கம் ஒரு சின்னத் தீவுப் பள்ளியில் சேர்ந்தேன். 2020 ஜூனில் கொரோனாவுக்கு நடுவே கடற்படைக் கப்பலில் தூத்துக்குடி வந்து இறங்கினேன். இடையில் ஐந்தரை ஆண்டுகள்.

எதற்காகப் போனேன் என்றால், பெண் கல்யாணக் கடன் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒரு ஜூன் மாதத்துக் காலை. பள்ளி திறக்கிற நாள். எட்டே காலுக்குச் சட்டை போட்டு, பேனாவைச் செருகிக்கொண்டு திண்ணைக்கு வந்துவிட்டேன். தெருவில் பிள்ளைகள் புதுப் பையோடு போகிறார்கள். எனக்குப் போக இடமில்லை. வீட்டுக்காரம்மா உள்ளேயிருந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் காபியைக் கொண்டுவந்து வைத்தாள். உங்களில் பலருக்கு இந்தக் காலை வந்திருக்கும். வராதவர்களுக்கு வரும்.

கடல் கடந்து பாடம் சொல்லப் போனவர்களில் நாம் முதல் ஆட்கள் இல்லை. எத்தியோப்பியாவில் ஹைலே செலாசி பேரரசர் காலத்தில், 1950களிலிருந்து 1974 புரட்சி வரை, அந்நாட்டின் உயர்நிலைப் பள்ளிகளில் ஏராளமான இந்திய ஆசிரியர்கள் வேலை பார்த்தார்கள். கேரளத்துக்காரர்கள் அதிகம், நம் பக்கத்து ஆட்களும் போனார்கள். 1976இல் நைஜீரியா எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவச ஆரம்பக் கல்வி என்று அறிவித்த காலத்தில் அங்கேயும் ஒரு கூட்டம் போனது. பூட்டானுக்குப் போனார்கள். பிற்பாடு மாலத்தீவு. திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஏறத்தாழ 1,200 தீவுகள் உள்ள நாட்டில் மக்கள் குடியிருப்பது இருநூறுக்கும் குறைவான தீவுகளில். ஐந்நூறு பேர் வாழும் தீவிலும் பள்ளிக்கூடம் உண்டு. அதற்குக் கணக்கு வாத்தியார் வேண்டும். அதனால்தான் நமக்கு அங்கே வேலை.

நான் போன தீவை முழுதாகச் சுற்றி நடக்க அரை மணி நேரம் போதும். கணக்கு, அறிவியல், வணிகவியல் எல்லாம் இங்கிலீஷில். திவேஹி மொழியையும் இஸ்லாத்தையும் மட்டும் உள்ளூர் ஆசிரியர்கள் அவர்கள் மொழியில் நடத்துவார்கள். கடைசியில் பிள்ளைகள் கேம்பிரிட்ஜ் தேர்வு எழுத வேண்டும்.

முதல் பருவம் நான் நன்றாக நடத்துவதாகவே நினைத்தேன். நம் ஊரில் என் குரல் மூன்று வகுப்பு தாண்டிக் கேட்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கும் அதே குரல். ஒவ்வொரு கணக்கு முடிந்ததும் "அண்டர்ஸ்டாண்ட்?" என்பேன். இருபத்திரண்டு தலைகளும் ஆடும். "யெஸ் சார்." அத்தனை மரியாதையான பிள்ளைகள். பருவத் தேர்வுத் தாளைத் திருத்த உட்கார்ந்த இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. பாதிக்கு மேல் தோல்வி. அந்தத் தலையாட்டல் பெரியவருக்குக் காட்டும் மரியாதை. புரிந்தது என்று அதற்கு அர்த்தமில்லை. ஒரு பருவம் முழுக்க நான் மரியாதையை வாங்கிக்கொண்டு பாடம் நடந்ததாகக் கணக்கு எழுதியிருக்கிறேன்.

தாள்களை மறுபடி எடுத்தேன். மதிப்பெண்ணை விட்டுவிட்டுத் தப்புகளை மட்டும் பார்த்தேன். ஒரே தப்பு திரும்பத் திரும்ப வந்தது. 'சப்ட்ராக்ட் ஃபைவ் ஃப்ரம் ட்வெல்வ்' என்று கேட்டால் 5 − 12 என்று போட்டிருந்தார்கள். பன்னிரண்டு பேர் இதே போல. கழிக்கத் தெரியாத பிள்ளைகள் இல்லை. பன்னிரண்டு மீனில் ஐந்தை விற்றால் மீதி எத்தனை என்று கேட்டால் நொடியில் சொல்வார்கள். மறுநாள் ஒரு பையனைக் கூப்பிட்டு, இந்தக் கேள்வியை உன் மொழியில் சொல் என்றேன். சொன்னான். இன்னொருவன் வார்த்தை வார்த்தையாகப் பிரித்துக் காட்டினான். பன்னிரண்டிலிருந்து, ஐந்தை, கழி. நம் தமிழ் போலவே! திவேஹி வடமொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது, சிங்களத்துக்கு நெருங்கிய சொந்தம். ஆனால் வாக்கியம் ஓடுவது தமிழின் தடத்தில். வினை கடைசியில் வரும். இங்கிலீஷ்தான் ஐந்தை முன்னால் வைத்துப் பன்னிரண்டைப் பின்னால் தள்ளுகிறது. காதில் விழுந்த வரிசையில் பிள்ளைகள் எழுதிவிட்டார்கள். எனக்கும் அவர்களுக்கும் இங்கிலீஷ் ஒரே இடத்தில்தான் இடறுகிறது. அதை நான் முதல் நாளே கண்டிருக்க வேண்டும். கத்திக்கொண்டிருந்ததால் காணவில்லை.

அன்றையிலிருந்து பேச்சைக் குறைத்தேன். கரும்பலகையை விட்டு இறங்கி, பெஞ்சுக்குப் பெஞ்சு போய் நோட்டைப் பார்த்தேன். எங்கே பென்சில் நிற்கிறது, எங்கே அழிக்கிறான், எந்த வரியைப் பக்கத்துப் பிள்ளையிடமிருந்து எடுக்கிறான். 33 வருஷம் வாயால் நடத்திய பாடத்தை 59 வயதில் கண்ணால் நடத்தக் கற்றுக்கொண்டேன். அவர்கள் மொழி எனக்குத் தெரியாததால்தான் இது நடந்தது. இங்கேயே இருந்திருந்தால் சாகும்வரை என் குரலையே நம்பியிருப்பேன்.

பிள்ளைகளிடம் எழுத்துப் படித்தேன். அவர்கள் எழுத்துக்குத் தானா என்று பெயர். வலமிருந்து இடமாகப் போகும். கணக்கு வாத்தியாரான எனக்கு அதில் ஒரு புதையல் இருந்தது. தானாவின் முதல் ஒன்பது எழுத்துகளும் அரபு எண்கள் ஒன்று முதல் ஒன்பது வரை உள்ள வடிவங்களிலிருந்து பிறந்தவை. அடுத்த சில எழுத்துகள் அந்தத் தீவுகளின் பழைய எண் வடிவங்களிலிருந்து வந்தவை. எண்ணையே எழுத்தாக்கிக்கொண்ட ஜனங்கள்! பழைய நாளில் பன்னிரண்டு பன்னிரண்டாக எண்ணும் வழக்கமும் அங்கே இருந்திருக்கிறது. நான் 'எகே, தே, தினே, ஹதரே, ஃபஹே' என்று ஒன்றிலிருந்து ஐந்து வரை தப்பும் தவறுமாகச் சொல்ல, ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி விரலை ஆட்டித் திருத்துவாள். படகுக்கு அவர்கள் சொல்வது தோனி, நம் தோணிதான். அந்த ஒரு சொல்லைக் கேட்ட நாளில் எனக்கு ஊர் ஞாபகம் பொங்கிவிட்டது.

சரி, காசு விஷயத்துக்கும் காகித விஷயத்துக்கும் வருகிறேன்.

இடைத்தரகரிடம் கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டாதீர்கள். என்னோடு வந்த ஒருவரிடம் ஒரு தரகர் லட்சத்துக்குக் குறையாமல் வாங்கினார். அங்கே போனபின் ஒப்பந்தத்தில் இருந்த சம்பளமும் தரகர் வாயால் சொன்ன சம்பளமும் வேறு வேறு. நம் நாட்டில் பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர், வேலைக்குப் போகிறவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்குச் சட்டப்படி உச்சவரம்பு 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. பதிவு உண்டா இல்லையா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பேரனைப் பார்க்கச் சொன்னால் ஐந்து நிமிஷ வேலை. தமிழ்நாடு அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றைச் சென்னையில் நடத்துகிறது. முதலில் அங்கே விசாரியுங்கள். விளம்பரத்தில் வயது வரம்பு போட்டிருந்தால் அதை நம்புங்கள். "பார்த்துக்கலாம் சார்" என்கிற தரகரை நம்பாதீர்கள்.

சம்பளம் ரூஃபியாவில் வரும். அதிகாரப்பூர்வமாக ஒரு டாலருக்கு 15.42 ரூஃபியா. அந்த விலைக்கு வங்கியில் டாலர் கிடைப்பது அரிது, ஊருக்கு அனுப்புவதற்கும் மாத வரம்பு வைத்துவிடுவார்கள். காகிதத்தில் பார்க்கிற சம்பளத்தை அப்படியே இந்திய ரூபாயாகப் பெருக்கி, இங்கே கடன் தவணைக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். நான் கொடுத்தேன். ஏழு மாதம் தூக்கமில்லை.

ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் ஆண்டு நேர்காணலை மறந்துவிட வேண்டாம். உயிரோடு இருப்பதற்கான சான்று போகாவிட்டால் ஓய்வூதியம் நிற்கும். கிளம்பும் முன்பே கருவூலத்தில் வெளிநாட்டில் இருந்து எப்படிக் கொடுப்பது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உடம்பு. நம் வயதில் இதுதான் பெரிய பாடம். தீவில் ஒரு சுகாதார நிலையம் இருக்கும். நெஞ்சு வலித்தால் படகு, பிறகு விமானம், பிறகுதான் தலைநகர் மாலேயில் இந்திய உதவியோடு கட்டிய இந்திரா காந்தி நினைவு மருத்துவமனை. மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் படகு வராது. பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் மூன்று மாதத்துக்கு, டாக்டர் சீட்டோடு, பையில் இருக்கட்டும். இருதயத்தில் குறை உள்ளவர்கள் தயவுசெய்து போக வேண்டாம். இதைக் கடுமையாகவே சொல்கிறேன்.

சாமி சிலையைக் கொண்டுபோகாதீர்கள், அங்கே தடை. விமான நிலையத்திலேயே எடுத்து வைத்துவிடுவார்கள். பிற மதத்தாரின் வெளிப்படையான வழிபாட்டுக்கு அனுமதியில்லை. அது அவர்கள் நாட்டுச் சட்டம், சம்பளம் வாங்குகிற நாம் அதை மதிக்க வேண்டும். நான் கண்ணை மூடினால் அவிநாசியப்பர் தெரிவார். அது போதுமானதாக இருந்தது. வாரத்தில் வெள்ளியும் சனியும் விடுமுறை, ஞாயிறு வேலை நாள். கடிகாரம் நமக்கு அரை மணி பின்னால். தினமும் அங்கே ஏழு மணிக்கு, இங்கே ஏழரைக்கு, வீட்டுக்காரம்மாவோடு பேசுவேன். அந்தப் பத்து நிமிஷத்தை வைத்துத்தான் இரவைக் கடத்தினேன்.

சாப்பாட்டில் எங்கும் சூரை மீன். நம்மில் கவுச்சி தொடாதவர்கள் சிரமப்படுவார்கள். காய் தலைநகரிலிருந்து படகில் வர வேண்டும், வரும்போது வாடியிருக்கும். ஒவ்வொரு விடுமுறைக்கும் ஐந்து கிலோ கொள்ளும் மூன்று கிலோ பச்சைப்பயிறும் கட்டிக்கொண்டு போவேன். கொள்ளுப் பருப்பு கடைந்து, ஒரு கிண்ணம் பக்கத்து வீட்டு அம்மாவுக்குக் கொடுப்பேன். மறுநாள் அதே கிண்ணத்தில் தேங்காய்ப்பால் விட்ட ஏதாவது திரும்பி வரும். வெறுங்கிண்ணம் ஒருநாளும் வந்ததில்லை. வீட்டுக்கு வீடு மழைநீர்த் தொட்டி. சுற்றிலும் கடல், குடிக்க வானத்து நீர். நம் குளம் குட்டைகளெல்லாம் காய்ந்து கிடந்ததை நினைத்துக்கொள்வேன். 2024 ஆகஸ்டில் அத்திக்கடவுத் தண்ணீர் 1,045 குளம் குட்டைகளுக்குத் திறந்துவிடப்பட்டபோது, அந்தத் தீவில் ஒருவருக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவருக்கு அது எத்தனை பெரிய சேதி என்று உடனே புரிந்தது.

இன்னொன்றையும் மனசில் வாங்கிக்கொண்டு போங்கள். ஒப்பந்தம் ஆண்டுக்கு ஆண்டு. அங்கே அவர்களுக்கென்று பல்கலைக்கழகம் வந்துவிட்டது. உள்ளூர் இளைஞர்கள் படித்துப் பட்டம் பெற்று வருகிறார்கள். அப்படி ஒருவர் வந்தால் நம் ஒப்பந்தம் நீளாது. என் பள்ளியில் அறிவியல் நடத்திய இந்திய ஆசிரியர் ஒருவருக்கு அப்படித்தான் ஆனது. வந்த பெண் அவரிடமே படித்தவள். அவர் போகும் நாளில் அவள் படகுத்துறை வரை வந்து அழுதாள். அவர் அழவில்லை. "இதுக்குத்தானே வந்தோம்" என்று என்னிடம் சொன்னார். அயல்நாட்டு வாத்தியார் என்பவர் அந்த ஊர்ப் பிள்ளை அந்த நாற்காலிக்கு வரும்வரை இருக்க வேண்டியவர். அந்த மனசு இல்லாதவருக்கு அங்கே ஒவ்வொரு டிசம்பரும் நரகம்.

2020 மார்ச்சில் பள்ளி மூடினார்கள். ஜூன் 5ஆம் தேதி மாலேயில் எங்களை ஐஎன்எஸ் ஜலாஷ்வா கப்பலில் ஏற்றினார்கள். 700 பேர். ஓட்டல் வேலைக்குப் போன பையன்கள், கொத்தனார்கள், நர்சுகள், எங்களைப் போல வாத்தியார்கள். 7ஆம் தேதி தூத்துக்குடி. கரை தெரிந்தபோது இளைஞர்கள் கைதட்டினார்கள். நான் திரும்பித் திரும்பிக் கடலைப் பார்த்தேன். விடைபெறாமல் வந்துவிட்டேனே என்ற நினைப்பு. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இருபடிச் சமன்பாட்டில் பாதி பாக்கி.

இதுவரை எழுதியது நீங்கள் கேட்டதற்குப் பதில். இனி எழுதுவது நீங்கள் கேட்காதது. அதற்காகத்தான் பேனாவையே எடுத்தேன்.

ஊர் திரும்பி ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு ஒரு நாள் மாலை, எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கிற லைன் வீட்டுப் பக்கம் நடந்துபோனேன். பனியன் கம்பெனி வேலைக்கு வந்த ஒடிசாக் குடும்பங்கள் அங்கே குடியிருக்கின்றன. எட்டு ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி படியில் உட்கார்ந்து கூழாங்கல்லை எண்ணிக்கொண்டிருந்தாள். 'ஏக, துயி, தினி, சாரி, பாஞ்ச.' என் கால் நின்றுவிட்டது. எகே, தே, தினே. தீவில் எனக்கு விரலை ஆட்டிச் சொல்லித்தந்த எண்கள், நிறம் மாறி, என் தெருவிலேயே.

மறுநாள் அவள் நோட்டைப் பார்த்தேன். பக்கத்துப் பள்ளியில் தமிழ் வழியில் மூன்றாம் வகுப்பு. ஆசிரியர் வாயால் சொல்லி எழுதச் சொன்ன எண்கள். தொண்ணூறு என்று சொன்ன இடத்தில் 900 எழுதியிருந்தாள். சிவப்பு மையில் பெருக்கல் குறி. நான் வெகுநேரம் அந்தக் குறியையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறு. அதற்குள் நூறு கேட்கிறது. தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம் கேட்கிறது. ஒன்பதுக்குள் எண்பதின் வாலான 'பது', அதாவது பத்து, கேட்கிறது. ஒன்பதையும் தொண்ணூறையும் தொள்ளாயிரத்தையும் நம் தமிழ் அடுத்த படியின் பெயரைக் கொண்டே சொல்கிறது. 33 வருஷம் நான் இந்தச் சொற்களைச் சொல்லியிருக்கிறேன், ஒருநாளும் என் காதில் விழுந்ததில்லை. அந்தப் பெண் நூறு என்று கேட்டாள், நூறைக் காட்ட இரண்டு பூஜ்யம் போட்டாள். சரியாகக் கேட்ட காதுக்குத் தப்பு விழுந்திருக்கிறது. "புரிஞ்சுதா கண்ணு?" என்றேன். தலையை ஆட்டினாள். அதே தலையாட்டல்.

அந்த ஆசிரியரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் முன்னால் முப்பத்தைந்து பிள்ளைகள், நிற்க நேரமில்லை. நேரம் இருப்பது நமக்கு. மாலத்தீவு வேலைக்கு நம்மில் பத்துப் பேர் விண்ணப்பித்தால் இரண்டு பேருக்குக் கிடைக்கலாம். கிடைக்கிறவர்கள் போய் வாருங்கள். தரகரிடம் ஏமாறாமல், மாத்திரையோடு, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு. மற்ற எட்டுப் பேருக்குப் பாஸ்போர்ட் இல்லாமலே அயல்நாட்டு வாத்தியாராகும் வாய்ப்பு இந்த லைன் வீடுகளில் இருக்கிறது. ஒடியாவும் இந்தியும் நமக்குத் தெரியாது என்பது தடையில்லை. தெரியாமல் உட்கார்ந்தால்தான் நோட்டைப் பார்ப்போம்.

நம் ஊர்க் கதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குளிக்கப் போன பிள்ளையை முதலை விழுங்கிவிட்டது. சில ஆண்டு கழித்து இந்த வழியே வந்த சுந்தரர், ஒரு வீட்டில் மங்கல ஒலியும் எதிர் வீட்டில் அழுகையும் கேட்டு, விழுங்கப்பட்ட பிள்ளையை இறைவனிடம் திருப்பிக் கேட்டார். பிள்ளை அந்த ஆண்டுகளின் வளர்ச்சியோடு கரையேறினான். பள்ளி மாறி, ஊர் மாறி, மொழி மாறி இரண்டு மூன்று வருஷம் விழுங்கப்பட்ட பிள்ளைகள் இன்றைக்கு நம் தெருவில் இருக்கிறார்கள். எதிர் வீட்டு அழுகை நமக்குக் கேட்கிறதா என்று மட்டும் உங்களைக் கேட்கிறேன்.

இப்போது ஏழு பிள்ளைகள் வருகிறார்கள். நானும், ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவரும். ஞாயிறு வேலை நாள் என்ற தீவுப் பழக்கம் என்னை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு லைன் வீட்டுத் திண்ணையில் இருப்பேன். கணக்கு ஆள் நான் இருக்கிறேன். இங்கிலீஷுக்கு ஒருவரும் அறிவியலுக்கு ஒருவரும் வேண்டும். இந்த ஞாயிறே வாருங்கள். வரும்போது ஒரு கை புளியங்கொட்டை எடுத்து வாருங்கள், எண்ணுவதற்கு.

அன்புடன்,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்,
அவிநாசி